கார் குளிர்சாதனம்: வாயு நிரப்புமுன் கசிவைத் தேடுங்கள்

உழவர் குடும்பங்கள் பலவற்றில் இன்று குளிர்சாதனம் பொருத்திய கார் உள்ளது. குளிர்சாதன அறை கொண்ட டிராக்டர்களும் அறுவடை இயந்திரங்களும் வயலுக்கு வந்துவிட்டன. பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் ‘ஏ.சி.யில் குளிர்ச்சி இல்லை’ என்ற குறையும் எழுகிறது. பட்டறைக்குக் கொண்டு சென்றால், பெரும்பாலும் ‘கேஸ் தீர்ந்துவிட்டது, போட வேண்டும்’ என்பார்கள். பணம் கொடுத்து நிரப்புகிறோம். அடுத்த கோடையில் மீண்டும் அதே குறை. மீண்டும் அதே செலவு.

இங்கு ஒன்றை உழவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். குளிர் வாயு டீசலைப் போல எரிந்து தீரும் பொருளன்று. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். ஃபுட் வால்வு ஒழுகும் பம்பு செட்டுக்கு ஒவ்வொரு முறையும் குடத்தில் தண்ணீர் ஊற்றி ஓட்டுவதற்கும், கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் வாயு நிரப்புவதற்கும் வேறுபாடு இல்லை. குறையைக் கண்டறிவது எப்படி, எந்த அளவு வரை நாமே செய்யலாம், எங்கு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குளிர்ச்சி உண்டாகும் விதம்

மண்பானையில் நீர் குளிர்வதற்குக் காரணம், பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதே. கார் குளிர்சாதனமும் இதே முறையில்தான் இயங்குகிறது. நீருக்குப் பதிலாக, மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஒரு திரவம் பயன்படுகிறது. பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ என்னும் வாயு, சாதாரண காற்றழுத்தத்தில் பூச்சியத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

எஞ்சினால் சுழலும் கம்ப்ரசர் இவ்வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் அது காற்றுப் பட்டு ஆறித் திரவமாகிறது. பின் ஈரம் உறிஞ்சும் டிரையர் குப்பி வழியாகச் சென்று, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையில் பீறிட்டு, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிறது. அந்தக் காயிலின் மேல் மின்விசிறி வீசும் காற்றே நமக்குக் குளிர்ந்து வருகிறது. ஆவியான வாயு மீண்டும் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது.

கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெயும் வாயுவோடு கலந்தே சுற்றுகிறது. எனவே வாயு கசியும் இடத்தில் சிறிது எண்ணெயும் வெளியேறும். இது இரு வகையில் முக்கியமானது. எண்ணெய்க் கறை கசிவின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதே வேளையில் எண்ணெய் குறைந்தால் கம்ப்ரசர் தேய்ந்து பெருஞ்செலவு வைக்கும்.

உங்கள் வண்டியில் எந்த வாயு?

பானெட்டைத் தூக்கினால் உட்புறத்தில் அல்லது ரேடியேட்டர் அருகில் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும். வாயுவின் பெயரும், எத்தனை கிராம் என்பதும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். சிறிய கார்களுக்கு ஏறத்தாழ 300 முதல் 500 கிராம் வரைதான் தேவை. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நன்று.

பழைய கார்களில் ஆர்-12 என்ற வாயு இருந்தது. அது வான்வெளியின் ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி கைவிடப்பட்டது. அதன் இடத்தில் வந்ததே ஆர்-134ஏ. அண்மைக் காலக் கார்கள் சிலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வாயு உள்ளது; இது ஓரளவு தீப்பற்றக்கூடியது. ஒரு வாயுவுக்கு உரிய வண்டியில் மற்றொன்றைக் கலக்கக் கூடாது. கீழே கூறப்படும் நிரப்பும் முறை ஆர்-134ஏ வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் கம்ப்ரசருக்கே உயர் மின்னழுத்தம் செல்வது உண்டு. அவற்றில் நாம் கை வைக்கவே கூடாது.

வாயுவைக் குறை கூறுமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

குளிர்ச்சி குறைவதற்கு வாயு மட்டுமே காரணம் அன்று. கீழ்க்கண்ட சோதனைகளுக்குச் செலவு ஏதும் இல்லை. எஞ்சின் ஓடும்போது பானெட்டுக்குள் குனிபவர்கள் தோளில் துண்டு, தொங்கும் வேட்டி, சேலை முந்தானை ஆகியவை பெல்ட்டிலோ விசிறியிலோ சிக்காதவாறு கவனமாக இருக்க வேண்டும்.

1. காற்றின் வேகம்: மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தும் காற்று மெலிந்து வந்தால், குறை பெரும்பாலும் காற்று வடிகட்டியில் இருக்கும். பல கார்களில் இது டாஷ்போர்டுப் பெட்டியின் பின்னால் உள்ளது. களத்துமேட்டுத் தூசியிலும் மண் சாலையிலும் ஓடும் வண்டிகளில் இது விரைவில் அடைத்துவிடும். கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். மிகவும் கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

2. விசைகளின் நிலை: வெப்பநிலைத் திருகு முழுக் குளிர்ப் பக்கம் உள்ளதா, வெளிக்காற்று வரும் வழி மூடப்பட்டு உட்காற்று சுழலும் நிலையில் உள்ளதா என்று பாருங்கள்.

3. கம்ப்ரசர்: எஞ்சின் ஓடும்போது ஒருவரை ஏ.சி. விசையைப் போடச் சொல்லுங்கள். ‘டக்’ என்ற ஒலியுடன் கம்ப்ரசரின் முன்தட்டு சுழலத் தொடங்க வேண்டும். சுழலாவிடில் முதலில் ஃபியூஸ், ரிலே, வயர் ஆகியவற்றைப் பாருங்கள். நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில் நிறுத்தும் வண்டிகளில் எலி வயரைக் கடித்திருப்பது வழக்கமான ஒன்று. வாயு அறவே இல்லாவிட்டாலும் காவல் சுவிட்ச் கம்ப்ரசரை இயங்கவிடாது. (சில புதிய வண்டிகளில் இந்தத் தட்டு எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும், அவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.)

4. முன்விசிறி: ஏ.சி. போட்டதும் ரேடியேட்டர் பக்கமுள்ள மின்விசிறி ஓட வேண்டும். ஓடாவிட்டால் வண்டி நிற்கும்போது குளிர்ச்சி குறையும்.

5. கண்டென்சர்: அதன் மெல்லிய தகடுகளுக்கு இடையே வைக்கோல் துகள், பூச்சி, சேறு ஆகியவை அடைத்திருந்தால் வெப்பம் வெளியேறாது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஆறிய பின் மெல்லிய நீர்த்தாரையால் கழுவுங்கள். வண்டி கழுவும் வேக மோட்டாரை நெருக்கமாகப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். அறுவடை இயந்திரங்களில் பல சமயம் இந்த ஒரு வேலையிலேயே குளிர்ச்சி திரும்பிவிடும்.

6. குளிரின் அளவு: சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானியை நடுக் காற்றுத் துளையில் வைத்து, கதவுகளை மூடி, பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட்டுங்கள். வெளியே 35 டிகிரி உள்ள நாளில் துளைக்காற்று 10 டிகிரியை ஒட்டி இறங்கினால் சாதனம் நலமாக உள்ளது. 15 டிகிரிக்கு மேலேயே நின்றுவிட்டால் குறை உண்டு. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.

அறிகுறிகளும் காரணங்களும்

வண்டி ஓடும்போது குளிர்ச்சி; நின்றால் வெப்பக் காற்று: முன்விசிறி ஓடவில்லை, அல்லது கண்டென்சர் அடைத்துள்ளது. வாயு குறைவாலும் இது வரலாம்.

முதலில் நல்ல குளிர்ச்சி. நெடுநேரம் ஓட்டிய பின் காற்றே குறைந்துவிடுகிறது. சிறிது நேரம் நிறுத்திப் போட்டால் மீண்டும் வருகிறது: காயிலில் பனிக்கட்டி படிகிறது. வடிகட்டி அடைப்பு அல்லது வெப்பநிலை உணரியின் பழுது காரணமாகும். இதற்கு வாயு நிரப்புவது வீண்.

இருக்கையின் கீழ் தரை நனைகிறது: காயிலில் வடியும் நீர் வெளியேறும் குழாய் மண்ணால் அடைத்துள்ளது. ஏ.சி. ஓடும்போது வண்டிக்கடியில் நீர் சொட்டுவது நல்ல அறிகுறியே.

கம்ப்ரசர் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஓடி ஓடி நிற்கிறது. குளிர்ச்சி அரைகுறை: வாயு குறைந்திருக்கலாம்.

மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் குளிர்ச்சி குறைந்து வந்துள்ளது: பெரும்பாலும் மெதுவான கசிவு.

அழுத்தமானி சொல்வதும் சொல்லாததும்

டயருக்கு ‘30 பவுண்டு காற்று’ என்கிறோமே, குளிர் வாயுவின் அழுத்தத்தையும் அதே அளவில்தான் பார்க்கிறோம். எஞ்சினை நிறுத்தி, வண்டியைப் பல மணி நேரம் நிழலில் ஆறவிட்டுப் பார்த்தால், ஆர்-134ஏ வாயுவின் அழுத்தம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்துக் கீழ்க்கண்டவாறு இருக்கும்.

25 டிகிரியில் – 82 பவுண்டு
30 டிகிரியில் – 97 பவுண்டு
35 டிகிரியில் – 114 பவுண்டு
40 டிகிரியில் – 133 பவுண்டு

இதைவிட மிகக் குறைவாகக் காட்டினால் குழாய்களுக்குள் திரவமே இல்லை. வாயு பெரும்பாலும் போய்விட்டது. மிக அதிகமாகக் காட்டினால் காற்று கலந்திருக்கலாம். ஆனால் சரியான அளவைக் காட்டினால் வாயு போதிய அளவு உள்ளது என்று எண்ணிவிடக் கூடாது. சமையல் எரிவாயு சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். பாதி தீர்ந்தாலும் அடுப்பின் சுடர் குறைவதில்லை; கடைசிச் சொட்டுத் திரவம் உள்ளவரை அழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. எவ்வளவு மீதம் என்று அறியச் சிலிண்டரை எடைபோட வேண்டும். கார் வாயுவும் அப்படியே. அதனால்தான் ஒட்டுத்தாளில் பவுண்டு இல்லை, கிராம் குறிக்கப்பட்டுள்ளது. அழுத்தமானியை மட்டும் பார்த்து ‘அளவு சரி’ என்பவரை நம்ப வேண்டாம்.

கசிவைக் காணும் முறை

எஞ்சினை நிறுத்தியே இதைச் செய்ய வேண்டும். குழாய் இணைப்புகள், கம்ப்ரசரின் முன்பகுதி, கண்டென்சரின் முகப்பு ஆகியவற்றில் தூசி ஒட்டிய எண்ணெய்க் கறை உள்ளதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். ஐயமுள்ள இடங்களில் சோப்பு நுரையைத் தடவுங்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலக் குமிழி எழுந்தால் அதுவே கசியும் இடம். வாயு நிரப்பும் முனைகளில் டயர் வால்வு போன்ற சிறு வால்வு உண்டு. அதன் மூடி தொலைந்திருந்தால் தூசி புகுந்து கசியும். மிக மெதுவான கசிவுக்கும் டாஷ்போர்டுக்குள் உள்ள காயிலின் கசிவுக்கும் நுரைச் சோதனை போதாது. பட்டறையில் மின் கருவி கொண்டோ, சாயம் கலந்து ஊதா விளக்கு அடித்தோ அவற்றைக் காண்பார்கள்.

வீட்டில் நிரப்பலாமா?

கடைசியாக நிரப்பி எத்தனை காலமாயிற்று என்பதே இதற்கு அளவுகோல். ரப்பர் குழாய்கள் வழியே பல ஆண்டுகளில் சிறிது வாயு வெளியேறுவது இயல்பு. ஐந்தாறு ஆண்டு நன்றாக ஓடி, இப்போது சற்றே குளிர்ச்சி குறைந்த வண்டிக்குச் சிறிது சேர்ப்பது தவறாகாது. சென்ற கோடையில் நிரப்பியது இக்கோடையில் இல்லை என்றால் கசிவை அடைத்த பின்பே நிரப்ப வேண்டும். சில வாரங்களில் போய்விட்டது என்றால், வீட்டு முயற்சி முற்றிலும் வீண்.

வாயு அறவே காலியான வண்டிக்கும் வீட்டில் நிரப்பக் கூடாது. உள்ளே காற்றும் ஈரமும் புகுந்திருக்கும். ஈரம் வால்வின் துளையில் உறைந்து அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும். இதற்கு வெற்றிட பம்பு வைத்துக் குறைந்தது அரை மணி நேரம் உள்காற்றை இழுத்தாக வேண்டும். திறந்தே கிடந்திருந்தால் டிரையரையும் மாற்ற வேண்டும்.

நிரப்பும் முறை

தேவையானவை: ஆர்-134ஏ சிறு டப்பா, வால்வும் அழுத்தமானியும் கொண்ட குழாய், சமையலறைத் தராசு, வெப்பமானி, கண்ணாடிக் கவசம், கையுறை. திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்ய வேண்டும்.

1. டப்பாவைக் குழாயுடன் பொருத்தி எடைபோட்டுக் குறித்துக்கொள்க.

2. குறைந்த அழுத்தப் பக்கத்தின் முனையைக் கண்டறிக. இது தடித்த குழாயில் இருக்கும், மூடியில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து காணப்படும், விட்டம் சிறியது. ‘எச்’ எழுத்துள்ள முனையில் டப்பாவை ஒருபோதும் இணைக்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது அங்கு 200 பவுண்டுக்கு மேல் அழுத்தம் உண்டு. அது டப்பாவுக்குள் திரும்பிப் பாய்ந்தால் டப்பா வெடிக்கும்.

3. குழாயில் உள்ள காற்றை, டப்பாவின் வாயுவை ஒரு விநாடி மட்டும் செலுத்தி வெளியேற்றிவிட்டு இணைக்கவும்.

4. எஞ்சினை ஓட்டி, ஏ.சி.யை முழுக் குளிரில் வைத்து, கதவுகளைத் திறந்துவிடுக. கம்ப்ரசர் ஓடும்போது இம்முனையில் சாதாரணமாக 25 முதல் 45 பவுண்டு வரை காட்டும். வெயில் கடுமையாக இருந்தால் சற்றுக் கூடும். ஏற்கெனவே இதற்கு மேல் உள்ள வண்டியில் வாயு சேர்க்காதீர்கள்.

5. டப்பாவை நிமிர்த்திப் பிடித்தே வால்வைச் சிறிது சிறிதாகத் திறக்கவும். கவிழ்த்தால் திரவம் சென்று கம்ப்ரசரை உடைக்கும். டப்பா குளிர்ந்து வாயு வருவது நின்றால், கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் வைக்கலாம். சுடுநீரோ நெருப்போ கூடாது.

6. ஏறத்தாழ 30 கிராம் சென்றதும் வால்வை மூடி, ஐந்து நிமிடம் பொறுத்து, துளைக்காற்றின் வெப்பத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் இன்னொரு 30 கிராம் விடலாம். மேலும் குறையாமல் நின்றுவிட்டால் அத்துடன் நிறுத்துக.

7. மொத்தம் 100 கிராமுக்கு மேல் போக வேண்டாம். 400 கிராம் கொள்ளும் வண்டியில் 100 கிராம் குறைவு என்றால் கால்பங்கு போய்விட்டது. அது பட்டறைக்கு உரிய கசிவு. அளவுக்கு மேல் நிரப்பினால் குளிர்ச்சி கூடாது, குறையும். அழுத்தம் ஏறிக் கம்ப்ரசரும் கெடும்.

8. குழாயைக் கழற்றி, முனையின் மூடியை இறுக்கி, நாளையும் அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கசிவின் வேகத்தை இக்குறிப்பே சொல்லும்.

செய்யக் கூடாதவை

சமையல் எரிவாயுவைக் குளிர் வாயுவாக நிரப்பக் கூடாது. கூலிங் காயில் பயணிகள் அமரும் அறையை ஒட்டி உள்ளது. அங்கு கசிந்தால் ஒரு தீப்பொறி போதும். கசிவைச் சோதிக்க ஆக்சிஜனை ஏற்றுவது அதனினும் கொடியது. எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும். பஞ்சர் கடைக் காற்றையும் ஏற்றக் கூடாது. உலர்ந்த நைட்ரஜனே இதற்கு உரியது.

திரவம் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். உடனே சாதாரண நீரால் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். டப்பாவை வெயிலிலோ பூட்டிய காருக்குள்ளோ வைக்கக் கூடாது. கசிவை அடைக்கும் என்று விற்கும் பசைக் கரைசல்கள் பட்டறைக் கருவிகளையும் வால்வையும் அடைத்துவிடும்.

பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடுவதும் தவறு. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிறது. ஒரு காரின் 400 கிராம் வாயுவை வெளியே விடுவது, ஏறத்தாழ 200 லிட்டர் பீப்பாய் ஒன்றின் டீசலை எரித்ததற்கு ஒப்பாகும். பருவம் தவறிய மழையால் முதலில் இழப்பவர் உழவரே என்பதை மறக்கலாகாது. இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016ஆம் ஆண்டு கிகாலி நகரில் உடன்பாடு காணப்பட்டது. இந்தியா 2021இல் அதை ஏற்றது.

பட்டறையில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. கசிவு எந்த இடத்தில்? எனக்குக் காட்ட முடியுமா?
2. பழைய வாயுவை இயந்திரத்தில் இழுத்தீர்களா? எத்தனை கிராம் இருந்தது?
3. எவ்வளவு நேரம் வெற்றிடம் செய்தீர்கள்? பம்பை நிறுத்திய பின்னும் முள் அசையாமல் நின்றதா?
4. ஒட்டுத்தாளில் உள்ள எடைப்படி தராசில் நிறுத்தி நிரப்பினீர்களா?
5. எண்ணெய் சேர்த்தீர்களா? என்ன வகை, எவ்வளவு?

இவற்றுக்கு நேரான விடை தரும் பட்டறையில் சற்று அதிகம் கொடுத்தாலும் நட்டமில்லை. விடைகளை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

பராமரிப்பு

மார்கழிக் குளிரிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட்டுங்கள். எண்ணெய் சுற்றிவந்து கம்ப்ரசரின் சீல் காய்ந்து போகாமல் காக்கும். அறுவடை முடிந்ததும் கண்டென்சரையும் வடிகட்டியையும் சுத்தம் செய்யுங்கள். ஊர் வந்து சேர இரண்டு நிமிடம் இருக்கும்போது ஏ.சி.யை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டால், காயில் உலர்ந்து துர்நாற்றம் வராது.

ஆகவே, குளிர்ச்சி குறைந்ததும் டப்பா வாங்க ஓடாமல், முதலில் காற்று, விசிறி, கண்டென்சர், கம்ப்ரசர் ஆகியவற்றைப் பார்த்து, பின் கசிவைத் தேடி, இறுதியாகவே வாயுவை எடைபோட்டு நிரப்புங்கள். இம்முறையைக் கடைப்பிடித்தால், ஆண்டுதோறும் காற்றில் கரையும் பணத்தை வேறு நல்ல செலவுக்குப் பயன்படுத்தலாம்.